எந்தப் பொடி?

டெல்பின் டீச்சரிடம் அவள் கதையைக் கேட்டால், வேலை இருக்கிறது என்று போய்விடுவாள். அதனால் நான் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, நடந்தது தெரியும்.

மணப்பாட்டுப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போனவர். பல் டாக்டருக்குப் படித்தவள் கிளினிக் போட்டு உட்காராமல், தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பொது சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் போனாள். "பல்லப் பிடுங்க எல்லாரும் படிச்சிருதாங்க மாமி. தெருவுக்கு வந்து, பல்லு ஏன் போகுதுன்னு கேக்கத்தான் ஆளில்ல" என்பாள். மாதம் ஒருமுறை மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு கடலோரத்தில் இருக்கும் எங்கள் திரேஸ்புரத்துக்கு வந்து முகாம் போட்டு, வருகிறவர்களுக்கு வாய் பார்ப்பாள்.

இந்த வருஷம் பிள்ளைகள் கையில் தாளோடு எண்பது வீடு ஏறி இறங்கினார்கள். என் வீட்டுக்கு வந்தவன் ரெக்சன்.

"புகையிலை உண்டா பாட்டி?"

சீ, இல்லை என்றேன்.

"பல் எதுல தேய்ப்பீங்க?"

பொடியில் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டான்.

எண்பது வீட்டிலும் ஒரு பெண்ணுக்குக்கூடப் புகையிலை இல்லை என்று கணக்கு வந்ததாம். துறைத் தலைவர் சிவசுப்பிரமணியன் சாருக்கு ஒரே சந்தோஷம். இங்கே இனி ஆபத்தில்லை, முகாமை வேறு ஊருக்கு மாற்றலாம் என்று அறிக்கை அடித்து டெல்பினிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அவள் பேனாவைத் தொடவில்லை. தாள்களைப் புரட்டி, 'பொடி' என்று மட்டும் எழுதியிருந்த ரெக்சனைக் கூப்பிட்டாள்.

"எந்தப் பொடி?"

"பல்பொடிதான் மேடம்."

"டப்பாவப் பாத்தியா?"

பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சாரையும் சேர்த்து வேனில் ஏற்றி வந்துவிட்டாள்.

ரெக்சன் பொடியைக் காட்டச் சொன்னான். இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். திறந்து முகர்ந்தான். நிறுத்தாமல் ஏழு தும்மல்.

"ஏலே, மூக்குப்பொடிய மோந்தா தும்மாம என்ன செய்யும்? நான் பல்லுக்குத்தான் தேய்க்கேன், முப்பது வருசமா."

"அதுவும் புகையிலைதானே பாட்டி! இல்லன்னு சொன்னீங்களே?"

"போயிலைன்னா வெத்தலையோட மெல்லுதது. இது பொடில்லா!"

தெரு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "ஒரு பாட்டிக்காக ரிப்போர்ட்ட மாத்த முடியாது மேடம்" என்றார்.

ஒரு பாட்டியாமே! "ஏளா கிளாடிஸு, பிச்சம்மா, ஒங்க டப்பாவ எடுத்துட்டு வாங்க" என்று தெருக்கோடிவரை கேட்கக் கத்தினேன். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் டப்பாக்கள் வந்து உட்கார்ந்தன. மருமகளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தவள்கூட முந்தானையில் மூடிக் கொண்டுவந்தாள்.

"எண்ணுங்க சார்" என்றாள் டெல்பின்.

இருபத்தெட்டு.

"திருத்தி எழுதினா கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா என் பேர எடுத்துட்டு அனுப்புங்க. வேன் இல்லாட்டி என்ன, பஸ்ஸுல வந்து இவங்க வாயப் பாப்பேன்."

சார் தானே ஒருமுறை எண்ணினார். பிறகு அறிக்கையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எல்லா வீட்லயும் மறுபடி கேளுங்க. டப்பாவப் பாத்து எழுதுங்க" என்றார்.

முகாம் எங்கள் தெருவைவிட்டுப் போகவில்லை. அடுத்த மாதம், அதுவரை வாயைக் காட்டாத நான்தான் முதல் ஆளாகத் திறந்தேன். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. டெல்பின் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் காட்டினாள். புற்றா என்று பார்க்கத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். பிறகு கையை நீட்டினாள்.

"டப்பாவத் தாங்க மாமி."

"பொடிய வேணும்னா கொட்டுதேன். டப்பா என்னுது."

அவள் கண்முன்னாலேயே கொட்டினேன். காலி டப்பா இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு சார் அறிக்கையோடு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டாமா?