அத்தான் தின்ற ஹோலிப் பகோடா

டாக்டர், என் அத்தானைப் பைத்தியக்காரன் ஆக்கியது கஞ்சா இல்லை. நீங்கள்தான்.

டெல்லியில் இந்த எண்பத்தைந்தில் வந்திருக்கும் புதுப் போதைத் தடைச் சட்டத்தைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு பழைய கதை. அறுபதுகளில் தாராவித் தோல் பட்டறைக்காரன் ஒருவன் கஞ்சாவால் நிரந்தரமாகப் புத்தி கெட்டுப் போனானாம். அந்த ஆள் என் அக்கா புருஷன். நடந்ததை நான் சொல்கிறேன். நான் கூடவே இருந்தேன்.

அன்று ஹோலி. அத்தானோடு வேலை செய்த பனாரஸ் பக்கத்துக்காரர் ஒருவர், பையா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஹோலி வந்தால் அவர்கள் பாங் இலையை அரைத்துப் பாலிலோ பகோடாவிலோ கலப்பார்கள். கஞ்சாச் செடியின் இலைதான் அது. அவர்கள் ஊரில் சர்க்கார் லைசென்ஸ் கடையிலேயே கிடைக்கும். பம்பாயில் மதுவிலக்குச் சட்டம் சாராயத்தோடு சேர்த்து இதையும் தடுத்திருந்தது. ஹோலியன்று தாராவியில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அத்தானுக்குக் கஞ்சாப் பழக்கம் கிடையாது. ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிற சிலர் சிலும்பியில் கஞ்சா இழுப்பதைப் பார்த்திருக்கிறார். இரண்டு இழுப்பில் கண் சிவந்துவிடும். தின்றாலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். ஒரு பகோடா தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"என்ன பையா, உங்க ஊரு இலை தூங்குதா?"

"அரே அண்ணா, ருக்கோ, பொறுங்க. மெல்ல மெல்லத்தான் ஏறும்" என்றார் பையா, பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாக.

"ஏறுறப்ப ஏறட்டும்" என்று அத்தான் தட்டைக் காலி பண்ணினார்.

"போதும், எந்திரிங்க. ஓசின்னா பட்டறைத் தோலையும் திம்பீங்க போல" என்று அக்கா இழுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏறியது. அடுப்பைப் பார்த்துச் சிரித்தார். சுவரைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அன்றைக்கு என்று பார்த்து செவ்வாய்க்கிழமை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்துட்டா!" என்று கத்தினாள். சந்து முழுக்கக் கூடிவிட்டது. திருநீறு வந்தது, வேப்பிலை வந்தது, எவனோ ஒரு கொட்டும் கொண்டுவந்தான்.

பெரியம்மா கும்பிட்டுக் கேட்டாள். "தாயி, எம் மவளுக்கு எப்ப மாப்ள அமையும்?"

அத்தான் ரொம்ப நேரம் யோசித்தார். "நாக்கு ஒட்டுது. தண்ணி தாங்க."

"ஆத்தா தண்ணி கேக்கா!" ஒரு குடம் மஞ்சள் தண்ணியைத் தலையில் ஊற்றினார்கள்.

அதோடு சிரிப்பு போய்விட்டது. "ஏட்டி, என் நெஞ்சு அடிக்கது வெளிய கேக்குதா? நான் செத்துட்டனா?" என்று அக்கா கையைப் பிடித்தார். கொட்டு அடிப்பதை நிறுத்தச் சொல்லி அக்கா அழுதாள். சாமி முழுசாக இறங்கட்டும் என்று இன்னும் பலமாக அடித்தார்கள். பயந்து போய் ரோட்டுக்கு ஓடினார். நாலு பேர் பிடித்து டாக்ஸியில் போட்டு, மாட்டுங்காவில் உங்களிடம் கொண்டு வந்தோம்.

என்ன தின்றார், எப்போது தின்றார் என்று நீங்கள் கேட்கவில்லை. "சார், பகோடா..." என்று அக்கா ஆரம்பித்தாள். அவர் சிவந்த கண்ணைப் பார்த்ததுமே, "வெளியே நில்லும்மா. கஞ்சா கேஸ். இந்த ஜனங்களுக்கு இதே வேலை" என்றீர்கள். ஊசி போட்டீர்கள். மறுநாள் மதியம் அத்தான் எழுந்து கஞ்சி குடித்தார், நடந்ததைக் கேட்டு வெட்கப்பட்டார், அடுத்த நாள் வேலைக்குப் போனார். அவ்வளவுதான் அந்த நிரந்தரப் பைத்தியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழர் கூட்டத்தில், கஞ்சாவால் பைத்தியமான ஒருவன் என்று அத்தானைப் பற்றி நீங்கள் பேசினீர்கள். பெயர் சொல்லவில்லை. தெருவையும் பட்டறையையும் சொல்லிவிட்டீர்கள். முன்வரிசையில் பட்டறை முதலாளி உட்கார்ந்திருந்தார். "பைத்தியத்தைத் தோல் வெட்டுற கத்திகிட்ட விட முடியாது" என்று மறுநாளே அத்தானை நிறுத்திவிட்டார். வேறு பட்டறைகளும் சேர்க்கவில்லை. குர்லாவில் மூட்டை தூக்கினார். தெருவில் கிறுக்கன் என்று பெயர். பின்னால் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பைத்தியம் ரத்தத்திலேயே இருக்கிறதாமே என்று எழுந்து போனார்கள்.

பிற்பாடு நான் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினேன். கால் ஆணிக்குப் போடும் பச்சை மருந்தில் இதே செடியின் சாறு சேரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அங்கிருந்த கெமிஸ்ட் அம்மாவிடம் அத்தான் கதையைச் சொன்னேன். புகையாக இழுத்தால் நுரையீரல் வழியாக உடனே ரத்தத்தில் சேருமாம். தின்றால் வயிறு, ஈரல் எல்லாம் கடந்து வர ஒரு மணி, இரண்டு மணிகூட ஆகுமாம். ஈரல் அதை இன்னும் வீரியமாக மாற்றி அனுப்புமாம். நாக்கு உலர்வது, நெஞ்சு படபடப்பது, நேரம் நீள்வதாகத் தோன்றுவது, சாகப் போகிறோம் என்ற பயம், எல்லாம் அளவு மீறியதால் வருவது, தானாக இறங்கிவிடும் என்றார். தினமும் புகைத்துச் சீரழிந்தவர்களும் உண்டு, ஏற்கெனவே மனம் தளர்ந்தவர்களை அது கெடுக்கும் என்றும் சொன்னார். கஞ்சா நல்லது என்று நானும் சொல்ல வரவில்லை.

நீங்கள் பாராட்டுகிற சட்டத்தையும் விசாரித்தேன். கஞ்சாச் செடியில் பூவையும் பிசினையும்தான் அது தடுத்திருக்கிறது. அத்தான் தின்ற இலையை அது கஞ்சா என்றே சொல்லவில்லை. இலையை என்ன செய்வது என்பது அந்தந்த மாநிலத்தின் பாடு. வடக்கே இன்றும் கடை போட்டு விற்கிறார்கள்.

அத்தான் உயிரோடுதான் இருக்கிறார். உங்கள் கட்டுரையை டீக்கடையில் ஒருவன் அவர் முன்னாலேயே சத்தமாகப் படித்தான். அவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போவதில்லை.

அவரைத் திரும்பப் பார்க்காமலேயே நிரந்தரம் என்று எப்படி எழுதினீர்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கிற மாதிரி, பதில் சொல்லுங்கள்.