ஸ்பெயின்காரர் மாறிய கம்பெனிகள்

எங்கள் வீட்டில் ஒரு ஸ்பெயின்காரர் மூன்று வருடம் குடியிருந்தார். வாடகை தரவில்லை, சோறு கேட்கவில்லை, குளித்ததும் இல்லை. மாமாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்பக்கத்தில் ஒரு காலைப் பந்தின்மேல் வைத்துக்கொண்டு நிற்பார். பெட்டியை மூடினால் மாமாவின் சட்டைகளின்மேல் குப்புறப் படுத்துக்கொள்வார்.

எண்பதுகளின் கடைசி அது. மத்திகிரியில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, காவேரிப்பட்டினத்திலிருந்து அந்தத் தகரப் பெட்டியோடும் ஒரு ஜோடி பூட்ஸோடும் எங்களிடம் வந்து சேர்ந்தார். அப்போது ஓசூர்க் கம்பெனிகளுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆளுக்கொரு டீம் வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை கோப்பைக்காக மோதிக்கொள்வார்கள். நன்றாக ஆடுகிறவனாகப் பார்த்து டெம்பரரியாக வேலைக்கு எடுப்பார்கள். காலையில் மெஷின், சாயங்காலம் பந்து. கோப்பை வந்தால் பர்மனென்ட் என்று தோளில் தட்டிச் சொல்வார்கள். அந்தத் தட்டலை நம்பித்தான் மாமா கியர் கம்பெனியில் சேர்ந்தார்.

சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கே ஸ்பெயினிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. மரப்பெட்டியை உடைத்தால், மெஷின் உரசாமல் இருக்க அந்த ஊர்ப் பேப்பரைக் கசக்கிக் கசக்கித் திணித்திருந்தார்கள். மற்றவர்கள் அடுப்பெரிக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமா ஆட்டக்காரர் படம் இருந்த ஒரே ஒரு பேப்பரைக் கொண்டுவந்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, சோற்றுப் பருக்கையை மசித்துத் தடவி மூடியில் ஒட்டினார். படத்துக்குக் கீழே நான்கு வரி அச்சாகியிருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே டீக்கடையில் கிடைக்கிற ஊர்தான் ஓசூர். ஸ்பானிஷ் மட்டும் ஸ்டாக் இல்லை.

"இவரும் என்னாட்டம் நடுவுல ஆடறவரு மாப்ள" என்றார் மாமா.

"எப்பிடித் தெரியும்?"

"மூஞ்சியப் பாரு. கோல் போடறவன் மூஞ்சியா இது?"

பார்த்தேன். இல்லைதான். பேதிக்கு மருந்து சாப்பிட்ட முகமாக இருந்தது.

மாமாவும் கோல் போட்டதே இல்லை. எனக்கு அதுதான் பள்ளிக்கூடத்தில் பெரிய தலைகுனிவு. என் வகுப்பில் இருந்த கம்பெனிப் பிள்ளைகள் எல்லாம் "எங்க சித்தப்பா ரெண்டு போட்டாரு" என்று பீற்றிக்கொள்ளும்போது, "எங்க மாமா போடறவங்களுக்கு எடுத்துக் குடுப்பாரு" என்று எப்படிச் சொல்வது? பந்தி பரிமாறுகிற மாதிரி இருக்கிறதே. அதனால் நான் ஸ்பெயின்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெரிய ஆள், பேப்பரில் படம் வந்தவர், அவரும் கோல் போடாதவர். ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஸ்பெயின் விவகாரங்களுக்கு நான்தான் அதிகாரபூர்வப் பிரதிநிதி. ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று கேட்ட ஒருத்தனுக்கு, பெங்களூர் தாண்டி என்று சொல்லியிருக்கிறேன். அது தப்பும் இல்லை.

ஸ்பெயின்காரரின் வரலாற்றை மாமா எனக்குத் தவணை முறையில் சொன்னார். சின்ன ஊரில் பிறந்தவர். பக்கத்தில் ஆறு, நம் காவேரிப்பட்டினத்துக்குத் தென்பெண்ணை மாதிரி. ஆற்று மணலில் ஆடிப் பழகினார். ஒருநாள் பெரிய கிளப்காரர்கள் வந்து பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் அங்கே ஆடினார். அதுவரைக்கும் கதை எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

அந்த வருடம் கியர் கம்பெனிக்குக் கோப்பை வரவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டே, "பிரேக் குடுத்துட்டானுங்களா மச்சான்?" என்று கேட்டார். "ஆமா மாமா" என்றார் மாமா. டெம்பரரி ஆளை வருடம் முழுக்க இடைவெளி விடாமல் வைத்திருந்தால் பர்மனென்ட் கேட்டுவிடுவான். அதனால் வருடம் நிறைவதற்குச் சற்று முன்னால், "போய்ட்டு அப்புறமா வாப்பா" என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குத்தான் பிரேக் என்று பெயர். இதெல்லாம் நான் மீசை முளைத்தபின் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வாரமே ஸ்பெயின்காரரும் கிளப் மாறிவிட்டார் என்பதுதான்.

"ஏன் மாமா மாறினாரு?"

"வேற கிளப்பு கேட்டுச்சு. நல்ல ஆட்டக்காரன ஒரே எடத்துல வெச்சுக்க மாட்டாங்க மாப்ள. எல்லா எடத்துக்கும் வேணுமில்ல?"

மாமா பல்பு கம்பெனிக்குப் போனார். கியர் கம்பெனியின் பச்சை பனியன் எனக்கு வந்தது. முழங்கால்வரை தொங்கும், அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன். அடுத்த வருடம் மாமாவுக்கு முட்டி வீங்கியது. ஆச்சரியம், ஸ்பெயின்காரருக்கும் அதே முட்டி. அவருக்கு அந்த ஊரில் என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்டேன். அம்மா அப்போது மாமாவின் காலுக்கு எருக்கிலையை வதக்கி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா அதைப் பார்த்தார். "எருக்கெலதான்" என்றார். ஸ்பெயினிலும் எருக்கஞ்செடி இருக்கிறது என்று மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொல்லி, காதில் ஒரு திருகு வாங்கினேன்.

பல்பு கம்பெனியிலும் பிரேக் வந்தது. ஸ்பெயின்காரரை இன்னொரு கிளப் ஆசைப்பட்டுக் கேட்டது. மாமா வயர் கம்பெனிக்குப் போனார். மஞ்சள் பனியன். அந்த வருடம்தான் வயர் கம்பெனி இறுதி ஆட்டம்வரை வந்தது, பேரிகையிலிருந்து ஒரு பெரியவரும் வந்தார்.

பெரியவர் பெண்ணைப் பெற்றவர். கோசும் பீன்ஸும் போடுகிற விவசாயி. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். மாமாவுக்குத் தன் பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசனையில் இருந்தார். பர்மனென்ட் ஆனால் தை மாதமே முடித்துவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டிருந்தாள். பையன் எப்படிப்பட்டவன் என்று நேரில் பார்க்க, இறுதி ஆட்டத்தன்றைக்கு ஒரு பை பீன்ஸோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். அம்மாவுக்கு மைதானத்துக்கு வரக் கூச்சம். ஆகவே அவரை உட்காரவைத்து ஆட்டத்தை விளக்கிச் சொல்லும் பொறுப்பு குடும்பத்திலேயே விஷயம் தெரிந்த ஆளான என்னிடம் வந்தது. இதைவிட அவரைத் திருவிழாக் கூட்டத்தில் தனியாக விட்டிருக்கலாம்.

மாட்டுப் பண்ணையை ஒட்டிய மைதானம். சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள் சாணியைச் சுற்றி வளைத்துப் போட்டிருந்தார்கள். பெரியவர் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தார்.

"உங்க மாமன் எங்க நிக்கறாரு?"

"நடுவுல."

"நடுவுல நின்னு என்னா பண்ணுவாரு?"

"பின்னாடி இருக்கறவங்ககிட்ட வாங்கி முன்னாடி இருக்கறவங்களுக்குக் குடுப்பாரு."

"சரி. அவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல."

பெரியவர் கடலையை மெல்லுவதை நிறுத்தினார். "தரகுகூடவா இல்ல?"

"தரகுன்னா?" என்றேன்.

"எங்க மண்டியில நடுவுல நிக்கறவன்தான்டா கொழுத்துப் போறான். பின்னாடி நிக்கற எனக்கும் ஒண்ணும் இல்ல, முன்னாடி நிக்கறவனுக்கும் ஒண்ணும் இல்ல. இவரு என்னா நடுவுல நின்னுக்கினு சும்மா தள்ளி உடறாரு?"

மாமாவின் மானம் என் கையில் இருந்தது. அதைக் காப்பாற்ற நான் இறங்கிவிட்டேன். மாமாவுக்காகக் கம்பெனிகள் அடித்துக்கொள்கின்றன, முதலில் கியர், அப்புறம் பல்பு, இப்போது வயர், வருடத்துக்கு ஒரு கம்பெனி கேட்டு வாங்கிக்கொள்கிறது என்று அடுக்கினேன். பெரியவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். மூன்று விரல் மடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"ஒரு எடத்துலயும் நிக்கலையா?"

"ஸ்பெயின்காரரும் அப்பிடித்தான்" என்றேன் கம்பீரமாக.

"அது யாருடா ஸ்பெயின்காரரு? உங்கப்பா வழியா, அம்மா வழியா?"

அதற்குள் கூட்டம் கத்தியது. தூத்துக்குடியிலிருந்து வந்து வயர் கம்பெனியில் மாமாவோடு டெம்பரரியாக இருந்த ஓர் அண்ணன் முன்வரிசையில் ஆடினார். மாமா கொடுத்த பந்தில் அவர் ஒரு கோல் போட்டார். எதிராளியும் ஒன்று போட்டான். அதன்பின் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் பண்ணை மாடு ஒன்று குறுக்கே போனது. அதை விரட்ட மூன்று மொழிகள் தேவைப்பட்டன. மாமா வாங்கினார், கொடுத்தார். ஓடினார், வாங்கினார், கொடுத்தார். ஒவ்வொரு தடவை கொடுக்கும்போதும் பெரியவர் தன் பையிலிருந்து எதையோ பறித்துக்கொண்டு போன மாதிரி "த்சொ" என்றார்.

முடிகிற நேரம். பந்து மாமாவின் காலுக்கு வந்தது. எதிர் கோல்கீப்பர் பாய்ந்து வெளியே வந்தவர், சுண்ணாம்புக்காரர்கள் வளைத்துப் போட்ட அந்தச் சாணியில் கால் வைத்து, மல்லாந்து விழுந்தார். மாமாவுக்கு எதிரே யாருமே இல்லை. வலைகூட இல்லாத இரண்டு கம்பமும், அதற்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளும்தான். பெரியவர் எழுந்தேவிட்டார். மடியிலிருந்த கடலையெல்லாம் சிதறியது.

"போட்ரா! இத்தையாச்சும் நீயே வெச்சுக்கடா!"

"போடு மாமா!" என்று நானும் அலறினேன். என் பள்ளிக்கூட வாழ்க்கையே அந்தப் பந்தில் இருந்தது.

மாமா ஒருமுறை வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, சாப்பிட உட்கார்ந்தவர் பக்கத்து இலைக்கு அப்பளத்தை நகர்த்துவதுபோல, பந்தைத் தூத்துக்குடி அண்ணனுக்கு நகர்த்தினார். அவர் தட்டினார். கோல்.

"ஏலே மக்கா!" என்று கத்திக்கொண்டே அவர் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கூட்டம் அவரைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போனது. மாமா பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். கம்பெனி மேனேஜர் மைக்கைப் பிடித்துக் கன்னடமும் இங்கிலீஷும் தமிழும் கலந்து ஏதேதோ பேசி, கோல் போட்ட பையன் நாளை முதல் பர்மனென்ட் என்று முடித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது மாமாதான். மேனேஜர் இரண்டாவது பெயர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

"ரொம்ப நல்லவன்டா உங்க மாமன்" என்றார் பெரியவர். எனக்கு உயிர் வந்தது. கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்து, வீடுவரை அவரது பீன்ஸ் பையை நானே சுமந்தேன்.

வீட்டில் காப்பி குடித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "கோச்சுக்காதம்மா. நல்ல பையன், அதுல கொறையே இல்ல. கைக்கு வந்ததப் பக்கத்துல நிக்கறவனுக்குத் தள்ளி உடறான். நாளைக்குச் சம்பளத்தையும் இப்பிடித்தான் பக்கத்து ஊட்டுக்குத் தட்டி உடுவான். எம்பொண்ணு ஒலைய வெச்சிக்கினு குந்தினு இருக்கும்." பீன்ஸை மட்டும் விட்டுவிட்டுப் போனார். நாங்கள் அந்த வாரம் முழுவதும் பீன்ஸ் தின்றோம்.

"ஏன் மாமா நீ போடல?" என்று கேட்டேன்.

மாமா பூட்ஸிலிருந்த சாணியை ஈர்க்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "அவன் நின்ன எடம் சரியா இருந்துச்சு மாப்ள."

"நீ நின்ன எடம்?"

"அது குடுக்கற எடம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து நானே போட்டிருப்பேன். பெரியவரே போட்டிருப்பார்.

சில வாரத்தில் வயர் கம்பெனியிலும் பிரேக் வந்தது. அந்த முறை ஸ்பெயின்காரரைப் பற்றி மாமா எதுவும் சொல்லவில்லை. கம்பெனிகளுக்கு அதற்குள் கிரிக்கெட் பைத்தியம் பிடித்துவிட்டது. மாமா கொஞ்ச நாள் கேட் கேட்டாகப் போய் நின்று பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பனியனையும் துவைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, காவேரிப்பட்டினத்துக்குப் போகப் பெட்டியைக் கட்டினார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ்ஸின் தலைமேல் பெட்டி ஏறியது. ஸ்பெயின்காரர் உள்ளே குப்புறக் கிடப்பார் என்று நினைத்தபோது எனக்குத் திடீரென்று கவலை வந்தது.

"மாமா, அவரு இப்ப எந்த கிளப்பு?"

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "சொந்த ஊருக்கே போய்ட்டாரு மாப்ள. அங்க நடுவுல நிக்க ஆள் இல்லாம ஆட்டமே நின்னுபோச்சாம். ஊரே சேந்து கூப்ட்டு அனுப்பிச்சுதாம்."

"பர்மனென்ட்டா?"

"பர்மனென்ட்டு."

பஸ் நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே, அப்பா அம்மாவோடு மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஏறி, சீட்டில் குதித்தேன். முன் சீட்டுக்காரர் முதுகில் உதைத்தேன். அன்றைக்கு அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மாவோ வழியெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மனிதனை ஊரே கூப்பிட்டுப் பர்மனென்ட் ஆக்கியிருக்கிறது, இவர்கள் இருவருக்கும் என்ன வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.