இழுவை மாறிவிடுமோ என்று பயந்த இசபெல்

சிரம்பான் பக்கம், சுவாவுக்கு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்குகிறவள் இசபெல். ஆண்டவர்மேல் ரொம்ப விசுவாசம் உள்ளவள். பயமும் அதே அளவுக்கு உண்டு. பாம்பைக் கண்டால்கூட ஒதுங்கிப் போய்விடுவாள், அலற மாட்டாள். மேலே இருந்து விழுகிற பொருளுக்குத்தான் பயம். அவள் வீட்டில் அலமாரிக்கு மேலே ஒரு டப்பாகூட இருக்காது. பானை, பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் தரையில்தான்.

அவள் கணவர் ஜார்ஜ் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைப் பூட்டி, கீழே நின்றபடி வெட்ட வேண்டும். ஒரு மழைநாள் காலையில் அவர் வெட்டின குலை மட்டையில் தட்டித் திரும்பி, அவர் கழுத்தின்மேலேயே விழுந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அப்போது மகள் பமீலா சின்னப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பமீலா இப்போது நீலாயில் ஒரு யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் இசபெல் "பிசிக்ஸ்" என்பாள், அத்தோடு பேச்சை மாற்றிவிடுவாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பமீலா வீட்டுக்கு வந்தபோது, சோறு போட்டுக்கொண்டே அது என்ன ஆராய்ச்சி என்று இசபெல் கேட்டுவிட்டாள். பமீலா சொன்னாள்.

"உலகம் உண்டானப்போ, ஆரம்பத்துலயே ஒரு பெரிய உலுக்கல்மா. அதுல கெளம்புன அலை இன்னும் ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணி அலை மாதிரி இல்ல. இடமே நீளும், சுருங்கும்."

"எங்கடி ஓடுது?"

"எல்லா எடத்துலயும்தான். இந்த மேசைக்குள்ள, உன் கைக்குள்ள."

இசபெல் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடிக்காதுலா, ரொம்ப ரொம்பச் சின்னது" என்று பமீலா சிரித்தாள். "பொருளை இழுக்கிற சக்தி இருக்குல்ல, அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. அது ஆரம்பத்துலேர்ந்து அப்படியேதான் இருந்துச்சான்னு எங்களுக்குச் சந்தேகம். அந்தச் சட்டத்தை மாத்திப் போட்டு, அலை எப்படி வரும்னு பாக்குறோம்."

மாத்திப் போட்டு என்ற வார்த்தை இசபெல்லின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

மறுநாள் செம்பனைக் காட்டில் வேலை. வெட்டுகிற இந்தோனேசியக்காரர் "ஆவாஸ்!", அதாவது மலாயில் ஜாக்கிரதை, என்று கத்தினால், பொறுக்குகிறவர்கள் நின்ற இடத்திலேயே நின்று மேலே பார்க்க வேண்டும். ஓடக் கூடாது. ஓடினால் பக்கத்து வரிசையில் இன்னொருவர் வெட்டுகிற மரத்தடிக்குப் போய்விடுவோம். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே இசபெல்தான். அன்றைக்கு "ஆவாஸ்" சத்தம் கேட்டதும் அவளே கோணியைப் போட்டுவிட்டு ஓடினாள். பக்கத்து வரிசையில் வெட்டுண்ட குலை அவள் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. சேறு முகத்தில் தெறித்தது.

வேலையை மேற்பார்க்கிற மண்டோர் முனியாண்டி ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார். "யக்கா! ஒனக்கு என்ன கிறுக்கா? எதுக்கு ஓடுன?"

"இழுவைய மாத்துறாங்களாம், தம்பி. குலை இனிமே நேராத்தான் விழும்னு எப்படி நம்புறது?"

"யாரு மாத்துறா?"

"எம்மவதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முனியாண்டி சிரிக்கவில்லை. "அப்ப மவளைப் போய்ப் பாத்து, கேட்டுத் தெளிஞ்சுட்டு வா. அதுவரைக்கும் காட்டுப் பக்கம் வராத. ஜார்ஜ் அண்ணனைத் தூக்கிட்டு ஓடுனது போதும் எனக்கு."

மறுநாள் இசபெல் சிரம்பான் போய் ரயில் ஏறி நீலாயில் இறங்கினாள். கேட்டுத் தெளிய அவள் போகவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடத்தான் போனாள். ஆண்டவர் வைத்த சட்டத்தில் கை வைக்கிறாளே, அவளுக்கு என்ன வருமோ என்று வழியெல்லாம் உதறல். புருஷனைக் கொடுத்தாச்சு, இவளையும் கொடுக்க முடியாது.

யூனிவர்சிட்டி கேண்டீனில் வைத்தே மகளிடம் சொன்னாள். "துணிமணியை எடு. வீட்டுக்குப் போலாம். செண்டாயான்ல எத்தனையோ ஃபாக்டரி இருக்கு. இந்தப் படிப்பு வேணாம்."

பமீலாவுக்கு முதலில் கோபம் வந்தது. அம்மாவின் தோளில் இருந்த சிராய்ப்பைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். விஷயத்தை முழுக்கக் கேட்டாள்.

"மா, நாங்க எதையும் மாத்தல. மாத்தவும் முடியாது. எல்லாம் கணக்குலதான். என்ன சட்டம் எழுதினாலும் சரி, நம்ம தோட்டத்துல குலை இப்ப எப்படி விழுதோ அப்படியே விழணும். இல்லன்னா அந்தச் சட்டம் தப்புன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"இங்க மாறவே மாறாதா?"

"இங்க மாறாது."

இசபெல் மெதுவாகக் கேட்டாள். "அப்பா மேல குலை விழுந்தப்போ?"

"அப்பவும் இதே இழுவைதாம்மா. அப்பாவுக்குன்னு எதுவும் மாறல."

ரெண்டு பேரும் அழுதார்கள். மேசையில் டீ ஆறிப்போனது.

"அந்த அலையை யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"ஒலகம் பொறந்தப்போ வந்த அலையா? இதுதான்னு உறுதியா யாரும் இன்னும் பாக்கல."

"பாக்காததுக்கா இந்தப் பாடு?"

"நீ மட்டும் பாத்துட்டா தெனம் ஜெபம் பண்ற?"

இசபெல் அவள் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். பமீலா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. ஒருநாள் எவனாவது அளந்து பாத்து, எங்க கணக்கு தப்புன்னு சொல்லிடலாம். அத்தனை வருஷமும் போச்சு. சில நாள் ரூம்ல தூக்கமே வர்றதில்ல."

மகள் பயந்து இசபெல் பார்த்ததில்லை. அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள்தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணிமணியை எடு என்று மறுபடியும் சொல்ல இசபெல்லுக்கு வாய் வரவில்லை. எழுந்து, கேண்டீன் நடுவிலேயே பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபம் பண்ணினாள். "எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்று பமீலா முணுமுணுத்தாள், தலையை மட்டும் எடுக்கவில்லை.

இசபெல் தனியாகத்தான் ஊர் திரும்பினாள். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் நடுங்கிக்கொண்டேதான் காட்டுக்குள் போகிறாள். ஆனால் ஓடுவதில்லை.

கோயிலில் ஆராதனை முடிகிறபோது போதகர் ஜெப விண்ணப்பம் கேட்பார். வேலை, வியாதி, கல்யாணம் என்று ஆளாளுக்குச் சொல்வோம். இப்போதெல்லாம் இசபெல்லும் எழுந்து நிற்கிறாள்.

"எம்மவ கணக்கு சரியா வரணும், ஐயா. தப்பா வந்தா, அந்தச் செய்தி வர்ற அன்னைக்கு அவ ரூம்ல தனியா இருக்கக் கூடாது. அதுக்காக ஜெபிச்சுக்குங்க."