புறா, மிதவாதி, சேலை கட்டிய புலி

மொழிபெயர்ப்பு மேசையில் ஒரு சௌகரியம் உண்டு: அச்சில் எது வந்தாலும் 'சொன்னது நானில்லை' என்று கையைத் துடைத்துக்கொள்ளலாம். யுத்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில், அந்த மேசையில்தான் நான் இருந்தேன். சிங்களத்திலும் இங்கிலீசிலும் வருகிற அறிக்கைகளைத் தமிழாக்குவது வேலை. உங்களில் யாரும் அதே சோற்றைத் தின்றிருந்தால் இனிச் சொல்வது விளங்கும்.

புறா

வேலைக்குச் சேர்ந்த புதிது. அரசாங்கத்துக்குள் பேச்சுவார்த்தை வேண்டும் என்பவர்களை வெளிநாட்டுச் செய்தியொன்று புறாக்கள் என்றது. நானும் யோசிக்காமல் அப்படியே போட்டேன். 'அமைச்சரவையில் புறாக்களின் கை ஓங்குகிறது' என்று தலைப்பும் வந்துவிட்டது. புறாவுக்கு ஏது கை என்று பத்திரிகைக் கந்தோரில் ஒருவரும் கேட்கவில்லை.

காலையில் வத்தளையிலிருந்து ஒரு வாசகர் ரெலிபோன் எடுத்தார். குரலில் கிண்டலே இல்லை. அதுதான் எனக்கு வெட்கமாகிப் போனது.

"தங்கச்சி, அந்தப் புறாக்கள் ஆர் ஆரெண்டு பேரைப் போடுங்கோவன். வாற எலக்சனில வோட்டுப் போடத்தான்."

மிதவாதி

அதன் பிறகு 'மிதவாதி' என்று எழுதச் சொன்னார் செய்தி ஆசிரியர். எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல் எப்போதோ வசையாகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைக்க வேண்டும் என்று கட்டுரை தந்திருந்தார். அவரை 'மிதவாதச் சிந்தனையாளர்' என்று அறிமுகம் செய்தேன். கௌரவம் செய்வதாகத்தான் நினைப்பு.

அச்சுக்குப் போகுமுன் தன் கட்டுரையில் பிழை பார்க்க வந்த அதிபர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதை வெட்டிவிடு பிள்ளை. மிதவாதி எண்டால் அங்க துரோகி எண்டுதான் வாசிப்பினம். என்ரை ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் இன்னும் ஊரிலதான் இருக்குதுகள்."

சேலை கட்டிய புலிகள்

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டில் குசுமா ஆன்ரி இருந்தார். சிங்களவர், ரீச்சர். ஒரே மகன் ஆமியில், வடக்கே. ஒருநாள் வேறு சில தாய்மாரோடு கோட்டை ஸ்ரேசனுக்கு முன்னால், 'யுத்தத்தை நிறுத்துங்கள்' என்று எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளே ஓர் அரசியல்வாதி, அவர்கள் தாய்மாரில்லை, சேலை கட்டிய புலிகள் என்று மேடையில் முழங்கினார். அந்தப் பேச்சு என் மேசைக்கு வந்தது. நாக்கில் நிற்கிற மாதிரித் தமிழ் செய்துகொடுத்தேன். செய்தி ஆசிரியர் அதையே தலைப்பாக்கிக் "கெட்டிக்காரி" என்றார். நானும் சிரித்தேன்.

அது அச்சில் வந்த அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால், குசுமா ஆன்ரியின் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடக்கிறது; மேடைப் பேச்சைக் கேட்ட யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். சந்திக் கடை முஸ்லிம் நானா எங்கள் தலைப்பை அவருக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறார். ஆன்ரி முகத்தில் கோபமில்லை. சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்:

"அது தமிழில கேக்கவும் நல்லா இருக்குதா, மகள்?"

செக்பொயின்ற்

அந்தக் கிழமைக்குள்ளேயே நானும் குசுமா ஆன்ரியும் ஒரே பஸ்ஸில் போக நேர்ந்தது. பம்பலப்பிட்டியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் பத்திரிகை அட்டையைப் பார்த்த இளம் சிப்பாய் சிங்களத்தில் கேட்டான்: "பேப்பரா? அந்தச் சமாதானக் கூட்டமா நீங்க?"

"இல்லை, இல்லை. நான் மொழிபெயர்ப்பு மட்டும்தான்." வாய் என்னை முந்திக்கொண்டு ஓடியது.

குசுமா ஆன்ரியை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவ இல்லை, நான்தான். என்ட மகன் உயிரோட வரவேணும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும்தான்."

வரிசையில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். நானும் ஓரடி தள்ளித்தான் நின்றேன். சிப்பாய் சுற்றிவரப் பார்த்தான். அட்டைகளைத் திருப்பித் தரும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

"கெதியா ஏறுங்க அம்மா. எங்கட அம்மாவும் இதைத்தான் சொல்றா, இவ்வளவு சத்தமா இல்ல."

சண்டை வேண்டாம் என்பவரைத் திட்ட மூன்று மொழியிலும் எனக்கு அத்தனை சொல் தெரியும். அதில் ஒன்றையாவது என்மேல் எறிய ஒருவருக்கும் நான் ஒருநாளும் காரணம் கொடுத்ததில்லை.