கதவில்லாத வீட்டில் நெல்லெகா

குலுக்கலில் மனை விழுந்த செய்தி வந்தபோது நெல்லெகா நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று, தண்ணீருக்குள் இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் நீச்சல் ஆசிரியை. கூரை எதிரொலிக்கும் அந்தக் கட்டடத்தில் வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி, கடையில் ரொட்டி கேட்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்க்கும் குரல் அவளுக்கு. கணவன் யோஸ்ட் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஈரத் தரையில் ஓடி வந்து, "கிடைச்சிருச்சு நெல்லெகா, தண்ணியோரமாவே கிடைச்சிருச்சு!" என்றான். பிள்ளைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் கிழக்குத் துறைமுகத்தை விட்டுக் கப்பல்கள் போய், கிடங்குகளை இடித்து, வெற்றுக் கரைகளை மனைகளாகப் பிரித்துக் கொடுத்த காலம் அது. பழைய கால்வாய் வீடுகளைப் போலவே புது வீடுகளும் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு ஒடுக்கமாக நிற்க வேண்டும், பின்சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். மற்றபடி அவரவர் இஷ்டம். அதனால் எங்கள் தெருவில் ஒரு வீடு துருப்பிடித்த பெட்டி மாதிரியும், அடுத்தது மீன்தொட்டி மாதிரியும், அதற்கடுத்தது சீப்பு மாதிரியும் எழுந்தன. என் வீட்டை வரி ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று என் மகனே சொல்வான். இருக்கட்டும். நான் முன்பே கட்டிக் குடிவந்துவிட்டேன். பக்கத்து மனையில் நெல்லெகாவின் வீடு எழுந்ததை ஆரம்பத்திலிருந்தே பார்த்தவள் நான்.

வீட்டை வரைந்து கொடுக்க ஒரு கட்டடக் கலைஞரை அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும். யோஸ்டுக்கு ஒரு தம்பி இருந்தான், டீடரிக். கட்டடக் கலைஞன். கறுப்புச் சட்டையைத் தவிர வேறெதையும் அவன் போட்டு நான் பார்த்ததில்லை. வெளியாளிடம் போனால் குடும்பத்தில் பேச்சு வரும் என்று யோஸ்ட் சொன்னான். நெல்லெகாவும் சரி என்றுவிட்டாள். அந்தச் 'சரி'யைப் பற்றி அவள் பிறகு என்னிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள், நல்ல வார்த்தையில் அல்ல.

வரைபடத்தைக் காட்டிய அன்று நானும் காபிக்குப் போயிருந்தேன்.

"உள்ள வந்தா இடம் அப்படியே ஓடணும் நெல்லெகா," என்றான் டீடரிக். "தெருவுல ஆரம்பிச்சுத் தண்ணி வரைக்கும், தரையில ஆரம்பிச்சுக் கூரை வரைக்கும். எதுவும் குறுக்க நிக்கக் கூடாது."

"ஓடட்டும். கதவெல்லாம் எங்க?"

"வாசல்ல இருக்கே."

"உள்ள?"

டீடரிக் சிரித்தான். பென்சிலால் ஒரு சுருளைத் தொட்டுக் காட்டினான். "இந்த வளைவு இருக்குல்ல, கதவோட வேலைய இதுவே பாத்துக்கும்."

படத்தில்தான் கதவை விட்டுவிட்டான், கட்டும்போது எப்படியும் வரும் என்று நெல்லெகா நினைத்தாள். வரவில்லை. படுக்கையறைகள் மாடிப்படியின் அகன்ற தட்டுகளாக ஒன்றின்மேல் ஒன்று தொங்கின. தரைத்தளத்தில் நத்தை ஓடு மாதிரி சிமெண்ட்டில் ஒரு வளைவு. அதற்குள் நுழைந்து ஒரு திருப்பம் திரும்பினால் கழிவறை. கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. போதாக்குறைக்கு அந்த வளைவு ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்தது.

கீழே வெங்காயம் வதக்கினால் மேலே மகள் ஃபென்னாவின் தலையணை மணத்தது. ஃபென்னா தோழியிடம் போனில் குசுகுசுத்தால் கீழே அப்பாவுக்குத் தெரிந்தது. கழிவறை வளைவுக்குள் போகும்போதெல்லாம் யோஸ்ட் விசிலடிப்பான். ஃபென்னா ரேடியோவை அலறவிட்டுப் போவாள். நெல்லெகா நீச்சல் குளத்திலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். விடுமுறை நாட்களில் என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை.

இந்த வீட்டுக்குத்தான் பரிசு கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் படகு படகாக ஆட்கள் வந்தார்கள். இவள் இரவு உடையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமராக்கள் மிதந்து போகும். முதலில் கையசைத்தாள், பிறகு முறைத்தாள், கடைசியில் தண்ணீர்ப் பக்கம் முதுகைக் காட்டிச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

வளைவின் வாயில் அவள் ஒரு தடித்த பச்சைத் திரையை மாட்டினாள். பத்திரிகைக்காகப் படமெடுக்க வந்த அன்று டீடரிக் அதை அழகாக மடித்துத் தன் காரில் வைத்துக்கொண்டு போனான். அடுத்த முறை அவன் வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என் திரை எங்க?"

"எந்தத் திரை?"

"பச்சைத் திரை. நீ மடிச்சு எடுத்துட்டுப் போன திரை."

"ஓ, அதுவா. அது அங்க பொருந்தல நெல்லெகா."

"உன் வீட்டுல மட்டும் ரூமுக்கு ரூம் கதவு இருக்கே, அது பொருந்துதா?"

"அது நான் கட்டின வீடா? பழைய வீடு, வாடகைக்கு இருக்கேன். என்ன பண்றது?"

"பாவம், கதவோட கஷ்டப்படறே."

"பழகிருச்சு," என்றான் டீடரிக். கிண்டல் அவனுக்கு எட்டவே இல்லை.

யோஸ்டிடம் சொன்னால், "விடு, தம்பிதானே" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு டீடரிக் மீது வரும் கோபத்தைவிட அதிகக் கோபம் வரும்.

ஒரு மழைநாள் மதியம் என் வீட்டு மணி அடித்தது. நெல்லெகா கோட்டுகூடப் போடாமல் நின்றிருந்தாள். "ஹெஸ்டர், உங்க டாய்லெட்ட கொஞ்ச நேரம் பூட்டிக்கலாமா?" என்றாள். வழி விட்டேன். உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் வரவில்லை. வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. க்ரோனிங்கனில் இருந்த அவள் அக்கா அன்று காலை இறந்துபோயிருந்தாள். வீட்டில் யோஸ்டும் மகளும் இருந்தார்கள். எந்தத் தட்டில் நின்று அழுதாலும் அவர்கள் இருவரும் ஓடி வருவார்கள், தண்ணீரில் போகிறவர்களும் பார்ப்பார்கள். "கொஞ்சம் தனியா அழணும்னு நெனச்சேன், அவ்வளவுதான்," என்றாள். சூப் சூடாக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அந்த வருஷம்தான் பிறந்தநாள் சண்டையும் வந்தது. எங்கள் ஊரில் சொந்தக்காரர்களின் பிறந்தநாட்களைக் குறித்துவைத்த காலண்டரைக் கழிவறைக் கதவின் உட்புறத்தில் மாட்டுவோம். தினமும் எதிரில் உட்கார்ந்து பார்ப்பதால் யாரையும் மறக்க முடியாது. நெல்லெகாவுக்குக் கதவில்லை. சிமெண்ட் வளைவில் ஆணி அடிக்கக் கூடாது என்று டீடரிக் சொல்லியிருந்தான். காலண்டர் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் கிடந்தது. மார்ச் மாதத்தில் மாமியார் ஹில்லெகொந்தா அம்மாளின் பிறந்தநாளன்று இந்த வீட்டிலிருந்து ஒருவரும் போன் செய்யவில்லை.

மறுநாள் அந்த அம்மாளே கூப்பிட்டாள். "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். சும்மா தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னேன்."

"அம்மா, மன்னிச்சுக்குங்க. உங்க பையன் கதவு வைக்கல, அதான் மறந்துட்டோம்."

"என் பிறந்தநாளுக்கும் கதவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"காலண்டர எங்கம்மா மாட்டறது?"

"டீடரிக் பரிசு வாங்கினவன்," என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்தாள். அவன் படம் வந்த பத்திரிகைத் துண்டு அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களுக்குக்கூடக் காட்டுவாள்.

நவம்பரில் யோஸ்டின் பிறந்தநாள் வந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்வதுதான் வழக்கம். இந்த வீட்டின் அகலத்தில் வட்டம் வராது. டிராமில் உட்காருவது போல இரண்டு வரிசையாக, எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு துண்டு கேக், கோப்பை கோப்பையாகக் காபி. ஹில்லெகொந்தா அம்மாள் இந்த வீட்டுக்கு வந்தால் ஒரு கோப்பையோடு எழுந்து போய்விடுவாள். அன்று மழை கொட்டியதால் போக முடியவில்லை. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல், வளைவுக்குள் நடந்தாள்.

முதலில் பாவாடையின் சரசரப்புக் கேட்டது. பிறகு கேட்க வேண்டியது எல்லாம் கேட்டது. எல்லோரும் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீடரிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் இந்த வீட்டுக்குள் வெளிச்சம் எப்படி இறங்கும் என்று உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தான்.

வளைவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "டீடரிக், வாய மூடு. நீ பேசறது இங்க தெளிவாக் கேக்குது."

அவன் நிறுத்தினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி குரல் வந்தது. "அப்ப இங்க நடக்கறதும் அங்க கேக்கும்."

ஃபென்னா வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஹில்லெகொந்தா அம்மாள் நிதானமாகக் கைகழுவிவிட்டு வெளியே வந்தாள். காதோரம் சிவந்திருந்தது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"யோஸ்ட், இந்த வாரமே அங்க ஒரு கதவு வை."

"அம்மா, அந்த வளைவுல கதவு நிக்காதும்மா," என்றான் டீடரிக். "இடம் ஓடற ஓட்டமே..."

"நான் உள்ள இருக்கறப்ப இடம் எங்கயும் ஓட வேணாம். ஒரு நிமிஷம் சும்மா நிக்கட்டும்."

யோஸ்ட் அந்தச் சனிக்கிழமையே கட்டுமானக் கடையிலிருந்து ஒரு சாதாரண வெள்ளைக் கதவை வாங்கி வந்தான். வளைவுக்கும் நேர்ச்சட்டத்துக்கும் நடுவில் பிறை மாதிரி இடைவெளி விழுந்தது. பிளைவுட்டை வெட்டி வெட்டி ஒட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆள் இருந்தால் சிவப்பும் இல்லாவிட்டால் வெள்ளையும் காட்டும் தாழ்ப்பாள்தான் வேண்டும் என்று நெல்லெகா பிடிவாதம் பிடித்து வாங்கியிருந்தாள்.

வேலை நடக்கும்போதே டீடரிக் போன் செய்து, தன் வடிவத்தைக் கெடுத்தால் கேஸ் போடுவேன் என்றான். யோஸ்ட் திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "கேஸ் போடணும்னா போடு. பேச வரணும்னா வா. ஆனா வர்றதுக்கு முன்னாடி உன் வீட்டுலயே கதவச் சாத்திக்கிட்டுப் போயிட்டு வந்துடு." தம்பியிடம் அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பேசி முடித்ததும் அவன் திருப்புளியோடு மறுபடி கதவுப் பக்கம் திரும்பினான்.

நெல்லெகாதான் முதலில் உள்ளே போனாள். தாழ்ப்பாள் சிவப்பாகத் திரும்பியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. யோஸ்ட் கதவைத் தட்டினான். "நல்லா இருக்கியா?"

"இருக்கேன். போ."

டீடரிக் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அப்புறம் ஒரு நாள் ஃபென்னாவைப் பார்க்க வந்து போனான். பிறகு அவன் கட்டிய வீடுகளைப் பற்றி ஒரு கனத்த புத்தகம் வந்தது. மழையில் நனைந்தபடி நெல்லெகா அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"படிங்க ஹெஸ்டர். சத்தமாப் படிங்க!"

முழுப் பக்கத்தில் அந்தக் கதவின் படம். ஃபென்னாவைப் பார்க்க வந்த அன்றே எடுத்துப் போயிருக்கிறான். கீழே எழுதியிருந்தது: வீட்டின் ஒரே உட்கதவு. ஓடும் இடத்தின் நடுவே வேண்டுமென்றே வைத்த ஒரு நிறுத்தம். ஒட்டு மறைக்கப்படாத நேர்மை.

"வேணும்னே வச்சானாம்! பிளைவுட் நேர்மையாம்!" அவள் போட்ட சத்தத்தில் என் பூனை அலமாரிமேல் ஏறிவிட்டது. என் போனிலிருந்தே அவனைக் கூப்பிட்டாள்.

"அது யாரோட யோசனை டீடரிக்?"

"யாரோடதுன்னு இல்ல நெல்லெகா. வீடே கேட்டது."

அவள் போனை வைத்துவிட்டு, புத்தகத்தை என் மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனாள். யோஸ்டிடம் சொன்னபோது அவன் இருமல் வரும்வரை சிரித்தானாம். அதற்காக அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

போன வசந்தத்தில் டீடரிக் தனக்குப் புதிதாக வேலை கொடுத்த ஒரு தம்பதியை அந்த வீட்டைக் காட்ட அழைத்து வந்தான். நானும் அங்கே இருந்தேன். ஆண்கள் இருவரும் தண்ணீர்ப் பக்கம் நின்று வெளிச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மெதுவாக நெல்லெகாவிடம் வந்தாள்.

"எங்க வீட்டுல சமையல்கட்டு எங்க வருதுன்னே சொல்ல மாட்டேங்கறார். கேட்டா, எல்லா இடமும் சமையல்கட்டுதான்னு சொல்றார்."

"அவர் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்கு என்ன பயம்? படத்த மேசையில விரிக்கச் சொல்லுங்க. அடுப்பு எங்க, படுக்கை எங்க, கதவு எங்கன்னு விரல வச்சுக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் விரல எடுக்காதீங்க."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் போய் ஏதோ கேட்டாள். டீடரிக் காதில் விழாதவன் போல ஜன்னலைக் காட்டினான். உடனே நெல்லெகா, குளத்தின் மறுகோடியில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடும் அதே குரலில், "டீடரிக், அவங்க அடுப்பு எங்கன்னு கேக்கறாங்க!" என்றாள். தண்ணீரில் போன படகிலிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீடரிக் கையில் சுருட்டி வைத்திருந்த அவர்கள் வீட்டுப் படத்தை மேசையில் விரித்து, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, படத்தின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் போட்டான். "பெரிசாப் போடுங்க," என்றாள் அந்தப் பெண்.