தெருவின் நடுவே ஒரு கம்பித் தடுப்பு

எங்கள் தெரு கோயிலுக்குப் போகும் வழி என்பதால் நல்ல அகலம். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு அக்கா இருந்தார். சொந்தமில்லை, பல வருடப் பழக்கம். பட்டுப் புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிந்து கொடுப்பவர். கணவர் இறந்தபின் தனியாகவே இருந்தார். சமையல் முடிந்ததும் கிண்ணத்தோடு நான் அங்கே போவேன், இல்லையென்றால் அவர் இங்கே வருவார்.

தெருவை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி மாநகராட்சிக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த வடிவமைப்பாளர், இளம்பெண், திரையில் எங்கள் தெருவைக் காட்டினார். கருங்கல் நடைபாதை, ஒரே மாதிரி விளக்குகள், நடுவில் மார்பளவு கம்பித் தடுப்பு. படத்திலிருந்த மனிதர்கள் எல்லோரும் தெருவோடு நேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். குறுக்கே கடப்பவர் ஒருவரும் இல்லை.

"எதிர்வீட்டுக்கு எப்டிமா போறது?" என்று எழுந்து கேட்டேன்.

"ரெண்டு முனையிலயும் கிராஸிங் இருக்கு மேடம். திருவிழாக் கூட்டத்துல யாரும் அடிபடக் கூடாது இல்லையா?"

மற்ற நாட்களில் நாங்கள் அங்கேதான் வாழ்கிறோம் என்று சொல்வதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

தடுப்பு வந்தது. அக்காவுக்கு மூட்டுவலி, முனைவரை போய்ச் சுற்றிவர முடியாது. அவரவர் வாசலில் நின்று, ஒருவரையொருவர் பார்த்தபடி போனில் பேசிக்கொண்டோம். "இன்னா கொழம்பு வெச்சிக்கினு இருக்கே?" என்பார். சொல்வேன். கொடுக்கத்தான் முடியாது.

ஒரு மத்தியானம் என் கண்ணெதிரே அக்கா வாசற்படியில் சரிந்து விழுந்தார். ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தேன். புடவையோடு ஏற முடியவில்லை. "யாராச்சும் புடிங்கபா" என்று கத்திக்கொண்டே முனைக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஓர் ஆட்டோக்காரர் அவரைத் தூக்கி உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இப்டி மூச்சு வாங்கறே?" என்று அக்கா என்னைக் கேட்டார். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தபின் அந்த வடிவமைப்பாளர் நேரில் வந்தார். என் வாசலில் நின்று எதிரே பார்த்தார். "இங்க ஒரு வழி விட்டிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். வழியும் விட்டார்கள். ஆனால் எங்கள் வாசலுக்கு நேரே விளக்குக் கம்பம் நட்டாயிற்றாம். அதனால் தள்ளி ஒரு புடவைக் கடைக்கு எதிரில். அங்கே எப்போதும் இரண்டு பக்கமும் பைக்குகள். எடுக்கச் சொன்னால், "அஞ்சு நிமிசம்மா, கஸ்டமரு உள்ள இருக்காரு" என்பார் கடைக்காரர்.

கடைசியில் வாலாஜாபாத்திலிருந்து அக்காவின் மகள் வந்து அவரை அழைத்துப்போனாள். துணி மூட்டையைக் கட்டும்போது, "நீங்க எதிர்லயே இருக்கீங்கன்ற தைரியத்துலதான் சித்தி, அம்மாவ இங்க வுட்டு வெச்சிருந்தேன்" என்றாள்.

குறையாகச் சொன்னாளா, வருத்தத்தில் சொன்னாளா, தெரியவில்லை. மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். முடிகிறபோதெல்லாம் பஸ் ஏறிப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.