நாற்பது டெசிபல் கிருஷ்ணப்பன்

ஓசூரில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கிருஷ்ணப்பனுக்கு அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. மைக்ரோமீட்டரோ பிரஷர் கேஜோ, அவர் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த வருடம் அதே தேதி வரை அதை யாரும் சந்தேகப்படக் கூடாது. பதினாறு வருடமாக யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் மனிதரைக் கெடுத்துவிட்டது. வீட்டில் எடை மெஷினுக்கும் ஸ்டிக்கர், குக்கருக்கும் ஸ்டிக்கர். மனைவி ரூபாவுக்கு மட்டும்தான் ஒட்டவில்லை. ஒட்டினால் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியும்.

ஐம்பதை நெருங்கும்போது சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். கிருஷ்ணப்பனுக்கு இசைத்தட்டு வந்தது. டர்ன்டேபிள் வாங்கினார். ஊசி எழுப்பும் மின்சாரம் மிகச் சன்னமானது என்பதால், அதைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் பெட்டியும் வாங்கினார். எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சொல்ல அதன் அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச்: ஒரு பக்கம் நாற்பது டெசிபல், மறுபக்கம் அறுபது. நாற்பதில் வைத்தார், பாடியது. உடனே ஸ்விட்சின் மேல் பச்சை ஸ்டிக்கர்.

ஆறு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் திம்மப்பனிடம், ஊசியோடு கூடிய உசத்தி ரகக் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கினார். இது மூவிங் காயில் ரகம், சத்தம் கம்மியாகத்தான் கொடுக்கும், கெயினை, அதாவது பெருக்கும் அளவை, ஏற்றி வைக்க வேண்டும் என்று திம்மப்பன் சொல்லித்தான் கொடுத்தார். ரிப்பேர்க்காரர் சொல்வதைக் கேட்க, சரிபார்ப்பவருக்குக் காது ஏது?

வீட்டில் நாதஸ்வரத் தட்டைப் போட்டார். கொசு ரீங்கரித்தது. வால்யூமை முழுக்கத் திருப்பினார். கொசுவோடு இரைச்சலும் சேர்ந்து வந்தது. ஸ்விட்சைப் பாருங்களேன் என்றாள் ரூபா. அது சரிபார்த்த ஸ்விட்ச் என்றார் இவர். தவிர, நாற்பதை அறுபதாக்கினால் ஒன்றரை மடங்குதானே, அதில் என்ன ஆகிவிடும் என்று கணக்கும் சொன்னார். டெசிபலில் இருபது கூடினால் பத்து மடங்கு. மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போடும் மனிதருக்கு இது தெரியவில்லை. தெரியாது என்பதும் தெரியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அதோடு விட்டிருக்கலாம். ஓசூர், பெங்களூர் இசைத்தட்டுப் பிரியர்கள் இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், திம்மப்பன் செத்த கார்ட்ரிட்ஜை விற்று ஏமாற்றுகிறார் என்று எழுதிவிட்டார். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை. யாருக்கும் விட்டுப்போகக் கூடாதல்லவா. திம்மப்பன் கடைக்கு வருகிறவர்களே அந்த குரூப்காரர்கள்தான். பத்து நாளில் கடை காற்று வாங்கியது. ரிப்பேருக்குக் கொடுத்ததைக்கூட மூன்று பேர் திரும்ப வாங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திம்மப்பனே வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று கிருஷ்ணப்பன் தயாராக நின்றார். வந்தவர் ப்ரீஆம்ப் பெட்டியைக் கவிழ்த்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். இன்னும் தேதி முடியவில்லை என்று கிருஷ்ணப்பன் தடுத்தார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். திம்மப்பன் வால்யூமைக் குறைத்து, ஸ்விட்சை அறுபதுக்குத் தள்ளி, ஊசியை இறக்கினார். நாதஸ்வரம் வீட்டை நிறைத்தது. தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. கிருஷ்ணப்பனுக்கு முதலில் மெய் சிலிர்த்தது. அடுத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் பாட்டு கேக்க வரல சார்," என்றார் திம்மப்பன். "குரூப்ல என் பேரு அப்பிடியே கெடக்குது. அதுக்குத்தான் வந்தன்."

கிருஷ்ணப்பன் போனை எடுத்து, 'பிரச்சினை தீர்ந்தது, இப்போது ஓகே' என்று அடித்துக் காட்டினார். திம்மப்பன் படித்துவிட்டுச் செருப்பைத் தேடினார். ரூபா போனை வாங்கிப் பார்த்தாள்.

"கம்பெனில ஒருத்தரு தப்பு பண்ணா இப்பிடித்தான் எழுதுவீங்களா? பேரப் போட்டுத்தான எழுதுவீங்க."

போன மாதம்தான் ஒரு ஆப்பரேட்டரின் தவறைப் பேரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார். போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு ஒரு பக்கம் ஓடி முடிகிறவரை அடித்தார், அழித்தார், அடித்தார். கார்ட்ரிட்ஜ் நல்லது, திம்மப்பன் சொல்லியும் கேட்காமல் கெயினைத் தப்பாக வைத்தவன் நான், அவரை ஏமாற்றுக்காரர் என்றது பொய், இப்படிக்கு கிருஷ்ணப்பன். இரண்டு மொழியிலும் அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர், அப்படியானால் திம்மப்பன் நம்பரைப் போடுங்கள் என்று கேட்டிருந்தார். கிருஷ்ணப்பன் தன் கையாலேயே அடித்தார். அனுப்புவதற்கு முன், பக்கத்தில் நின்ற திம்மப்பன் பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.